ஆடாதோடைச் சாறும் கஷாயமும்: பக்குவமாக எடுக்கும் முறை

சளி, இருமலுக்கு ஆடாதோடையை வீட்டில் மருந்தாக்குபவர்கள் முதலில் தடுமாறுவது சாறு பிழிவதில்தான். பச்சை இலையை எவ்வளவு இடித்தாலும் பசைபோல் திரளுமே தவிர, துணியில் போட்டு முறுக்கினால் சில சொட்டுகள்தான் வரும். தண்ணீர் ஊற்றி மிக்ஸியில் அடிப்பது தீர்வல்ல. சாறு நீர்த்துவிடும், அளவும் தெரியாமல் போகும்.

இதற்கு ஆயுர்வேதம் சொல்லும் வழி புடபாகம். இலையை அரைத்து உருட்டி, நாவல், ஆல் அல்லது ஆமணக்கு இலையில் பொதிந்து கட்டி, மேலே இரண்டு விரற்கடை கனத்துக்குக் களிமண் பூசி, வறட்டி அனலில் வைப்பார்கள். மண் செவந்ததும் எடுத்து உடைத்து, சூட்டோடு பிழிய வேண்டும்.

வீட்டில் இட்லிப் பானை போதும். கழுவித் துடைத்த முற்றிய இலைகளை நடு நரம்பைக் கிள்ளிவிட்டு, 10 நிமிடம் ஆவியில் வையுங்கள். பளிச்சென்ற பச்சை மங்கி, இலை துவண்டு கையோடு ஒட்டும். அதுதான் பதம். உடனே இடித்து வெள்ளைத் துணியில் பிழியுங்கள். ஆறவிட்டால் மறுபடி இறுகிக்கொள்ளும். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 20 மில்லி, அதாவது இரண்டு முதல் நான்கு டீஸ்பூன். சாறு ஆறிய பிறகே தேன் சேருங்கள். தேனைச் சூடாக்கக் கூடாது என்பது ஆயுர்வேத விதி.

நெஞ்சில் கட்டிய சளியை இளக்குவது இலையிலுள்ள வாசிசின் என்ற ஆல்கலாய்டு, அதாவது செடியில் இயல்பாக உள்ள ஒரு வேதிப்பொருள். கசப்பும் அதனால்தான். மருந்துக் கடையில் கிடைக்கும் ப்ரோம்ஹெக்சின் என்ற சளி மருந்து இந்த வாசிசினின் அமைப்பைப் பின்பற்றி உருவாக்கப்பட்டது. அது உடலுக்குள் மாறிக் கிடைப்பதே அம்ப்ராக்சால் என்ற இன்னொரு சளி மருந்து. காற்றுப் பட்டால் வாசிசின் மெல்ல வாசிசினோனாக மாறும். அதனால் காயவைப்பதிலும் கவனம் வேண்டும்: நிழலில், ஒன்றன்மேல் ஒன்று படியாமல் பரப்புங்கள். ஈரத்தோடு குவித்தால் கறுத்துப் பூசணம் பிடிக்கும். நரம்பு மடக்கென்று ஒடியும்போது எடுத்து, வெளிச்சம் படாத டப்பாவில் காற்றுப் புகாமல் மூடுங்கள்.

கஷாயத்துக்கு, ஒன்றிரண்டாக நொறுக்கிய காய்ந்த இலை 10 கிராம், தண்ணீர் 160 மில்லி. எவர்சில்வர் அல்லது மண் பாத்திரத்தில், மூடாமல், சிறு தீயில் 40 மில்லியாக வற்றவிட்டு வடிகட்டுங்கள். இலையை மாவாகப் பொடித்தால் அடிப்பிடிக்கும், வடியவும் வடியாது. அன்றன்றைக்கு வைத்து அன்றே குடித்துவிட வேண்டும்.

அளவு மீறினால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கவே கூடாது; வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும். இலைதானே, என்ன செய்துவிடும் என்று இதில் மட்டும் நினைக்காதீர்கள். குழந்தைகளுக்கு எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும். ஒரு வயதுக்குள் தேனும் ஆகாது. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ சளியில் ரத்தம் தெரிந்தாலோ, கஷாயத்தை நம்பி நாளைக் கடத்தாமல் காசநோய்ச் சளிப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள். அரசு மருத்துவமனையில் அது இலவசம்.