நாய் உண்ணி: நாயை மட்டும் பார்த்தால் போகாது

நாயின் காதுக்குள் நாலு உண்ணி தெரிகிறது என்றால், அது படுக்கும் இடத்தைச் சுற்றியுள்ள சுவர் இடுக்குகளில் அதைப் போலப் பல மடங்கு ஒளிந்திருக்கும். நம் ஊர் வீட்டு நாய்களைப் பிடிப்பது பெரும்பாலும் பழுப்பு நாய் உண்ணிதான். புல், புதரை நம்பி வாழும் மற்ற உண்ணிகளைப் போலன்றி, இது வீட்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகும். குளிப்பாட்டியும் மருந்து போட்டும் "திரும்பத் திரும்ப வருதே" என்று பலர் சலித்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

இரத்தம் குடித்து ஆமணக்குக் கொட்டை போல உப்பிய பெண் உண்ணி தானாகக் கீழே விழும். பிறகு தரையில் கிடக்காமல் சுவரில் ஏறி, விரிசலிலோ, கதவு நிலையின் இடுக்கிலோ, கட்டில் பொருத்திலோ புகுந்து முட்டையிடும். ஒன்றே 4,000 முட்டை வரை இட்டுவிட்டுச் செத்துப்போகும். கசகசாவைவிடச் சிறிய, ஆறு கால் குஞ்சுகள் பொரித்து நாயைத் தேடி வரும். குஞ்சு, இளம் உண்ணி, வளர்ந்த உண்ணி என்று மூன்று பருவத்திலும் ஒவ்வொரு முறை ஏறிக் குடித்து இறங்கும். நம் வெயிலில் இந்தச் சுற்று முடிய இரண்டு மூன்று மாதம் ஆகும். வளர்ந்த உண்ணி இரத்தமே கிடைக்காமலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே குறைந்தது நான்கு மாதம் விடாமல் செய்வது என்று முடிவெடுத்துக்கொண்டு தொடங்குங்கள்.

முதலில் கையால் தேடுங்கள். காதின் உள்மடிப்பு, கழுத்துப்பட்டைக்கு அடியில், முன்னங்கால் அக்குள், தொடை இடுக்கு, வாலின் அடி, விரல்களுக்கு நடுவே. விரல் இடுக்கைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நாய் பாதத்தையே நக்கிக்கொண்டிருந்தால் அங்கே பாருங்கள். வெள்ளை ராஜபாளையத்தில் கண்ணுக்கே தெரியும். பொமரேனியன், ஷிட்ஸூ போன்ற அடர்முடி நாய்க்கு முடியை எதிர்த்திசையில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிடுங்குவதற்குக் கூர்முனை இடுக்கி வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு, உப்பிய வயிற்றை விட்டுவிட்டு, தோலை ஒட்டி வாய்ப்பகுதியைப் பிடித்து, நேராக, நிதானமாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் வாய் உள்ளேயே முறிந்து சீழ் வைக்கும். மண்ணெண்ணெய் ஊற்றுவது, ஊதுபத்தியால் சுடுவது இரண்டும் கூடாது; உண்ணி தன் எச்சிலை மேலும் கடிவாய்க்குள் கக்க அது வழிசெய்யும், நாயின் தோலும் புண்ணாகும். எடுத்ததை நகத்தால் நசுக்காமல், மூடி உள்ள சிறு பாட்டிலில் ஸ்பிரிட் ஊற்றி அதில் போடுங்கள்.

மருந்தில் இன்று பெரும்பாலான நாய்களுக்கு வசதியானது மெல்லும் மாத்திரை. அஃபோக்ஸோலனர் மாதம் ஒருமுறை, ஃப்ளூராலனர் 12 வாரத்துக்கு ஒருமுறை. நாயை எடைபோட்டு அந்த எடைக்கான மாத்திரையையே வாங்குங்கள். பெரிய மாத்திரையை உடைத்து இரண்டு நாய்க்குப் பங்கிட வேண்டாம். ஃப்ளூராலனரைச் சாப்பாட்டோடு கொடுங்கள், வெறும் வயிற்றில் சரியாக உடலில் சேராது. கடித்த பிறகுதான் உண்ணி சாகும் என்பதால், மாத்திரை கொடுத்த பிறகும் ஒன்றிரண்டு தென்பட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்று பொருளல்ல. வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரைக் கேட்காமல் இந்த வகையைத் தொடாதீர்கள்.

ஃபிப்ரோனில் சொட்டு மருந்து போடுவதானால், தோள்பட்டைகளுக்கு நடுவே முடியைப் பிரித்துத் தோலின் மேல் விடுங்கள். முடியில் விட்டால் வீண். முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. உடலில் ஊற்றும் அமிட்ராஸ் மருந்தானால், பாட்டிலில் போட்டிருக்கும் அளவுக்குத் தண்ணீரில் கலந்து ஊற்றி, ஈரம் காயும்வரை நாய் நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குட்டிகளுக்கும் சர்க்கரை நோயுள்ள நாய்க்கும் அது ஆகாது. மாட்டு மருந்தையும் வயல் பூச்சிமருந்தையும் தோராயமாகக் கலந்து ஊற்றி நாயைப் பறிகொடுப்பது இன்னும் நடக்கிறது. பூண்டு கொடுப்பதும் வேண்டாம், அது நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும்.

இனி வீடு. இரவில் டார்ச்சோடு சுவரின் மேற்பகுதி, கூரை மூலை, மின்பெட்டியின் ஓரம் வரை பாருங்கள். தரையைப் பெருக்குவது மட்டும் போதாது. விரிசல்களை வெள்ளை சிமெண்ட்டால் அடைத்துவிடுங்கள். மருந்தடிப்பதைவிட இது பெரிய வேலை, பலனும் நீண்ட நாள் நிற்கும். சாக்கு, பழைய துணியை எரித்துவிட்டு, வெந்நீரில் துவைக்கக்கூடிய விரிப்பாக மாற்றி, வாரம் ஒருமுறை துவையுங்கள். டெல்டாமெத்ரின் போன்ற மருந்தை லேபிள் அளவில் கரைத்து இடுக்குகளில் தெளிக்கலாம். நாயையும் பூனையையும் வெளியேற்றி, மீன்தொட்டி இருந்தால் அப்புறப்படுத்திவிட்டு அடியுங்கள். பூனைக்கும் மீனுக்கும் அது கொடிய நஞ்சு. நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள். முட்டைகள் இந்த மருந்துக்குத் தப்பிவிடும் என்பதால் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி அடிக்க வேண்டும். இந்த நாட்களில் நாயை வேறிடத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். மாத்திரை போட்ட நாய் வீட்டிலேயே இருந்தால், சுவரிலிருந்து இறங்கிவரும் உண்ணிகள் அதைக் கடித்துச் சாகும்.

தெள்ளுப்பூச்சி வேறு. முடிக்குள் மிளகுத்தூள் போலக் கறுப்பாக இருப்பதை ஈரப் பஞ்சில் வைத்துப் பாருங்கள். செந்நிறமாகக் கரைந்தால் தெள்ளின் கழிவு. மேலே சொன்ன மாத்திரைகளே அதற்கும் போதும்.

நாய் சாப்பாட்டை மறுத்துச் சுருண்டு படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் இரத்தம் வடிந்தாலோ, சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உண்ணிக் கடியால் நாய்க்கு வரும் காய்ச்சலை டிக் ஃபீவர் என்று பொதுவாகச் சொன்னாலும் எர்லிக்கியா, பபீசியா என்று கிருமிகள் வெவ்வேறு, மருந்தும் வெவ்வேறு; இரத்தப் பரிசோதனை இல்லாமல் முடிவுக்கு வர வேண்டாம். (மனிதர்களுக்கு வரும் உண்ணிக் காய்ச்சல் இதுவல்ல; அது ஒரு வகைச் சிற்றுண்ணியின் குஞ்சுகள் கடிப்பதால் வருவது.) எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளினை வழக்கமாக 28 நாள் தருவார்கள். சாப்பாட்டோடு கொடுங்கள், வெறும் வயிற்றில் வாந்தி எடுக்கும். மூன்றாம் நாளே நாய் வாலாட்டித் துள்ளினாலும் மருந்தை நிறுத்தாதீர்கள். குணமான நாய்க்கும் மறுபடி உண்ணி கடித்தால் அதே நோய் திரும்ப வரலாம் என்பதால், தடுப்பு மாத்திரையின் அடுத்த தேதியை அன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.