120 மீட்டர் கம்பி வேலில எவ்ளோ இடம் அடைக்கலாம்? பெருமக் கணக்கு படிப்படியா

கிருஷ்ணகிரியில சாயங்காலம் பிளஸ் டூ பசங்களுக்கு கணக்கு சொல்லித்தர்றேன். வகைக்கெழுன்னாலே (ஒரு அளவு எவ்ளோ வேகமா மாறுதுன்னு சொல்றது, அதைக் கண்டுபிடிக்கறதுதான் வகையிடல்) பயந்துடறாங்க, ஆனா நான் பாத்த வரைக்கும் மார்க் போறது வகையிடல்ல இல்லீங்க, அதுக்கு முன்னாடி சமன்பாடு எழுதற எடத்துல, அதாவது பத்தாவதுலயே படிச்ச இயற்கணிதத்துல. அதனால ஒரே ஒரு கணக்கை எடுத்து மெதுவா போட்டுப் பாக்கலாம்.

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்பு, ஒரு பக்கம் கேஆர்பி டேம் கால்வாய் நேரா போகுதுன்னு வெச்சுக்கங்க, அந்தப் பக்கம் வேலி வேணாம். மீதி மூணு பக்கத்துக்கு 120 மீட்டர் கம்பி வேலி இருக்கு. செவ்வகமா அடைச்சா அதிகபட்சம் எவ்ளோ இடம் கெடைக்கும்?

படி 1: படம் வரைங்க, தயவுசெஞ்சு இதை விட்டுடாதீங்க. கால்வாயில இருந்து கெளம்பற ரெண்டு பக்கமும் சமம், ஒவ்வொண்ணும் அ மீட்டர் (புத்தகத்துல எக்ஸ்னு இருக்கும், அகலம்ங்கறதால நான் அ-ன்னு வைக்கிறேன்). அப்போ கால்வாய்க்கு எதிர்ப்பக்கம் 120 − 2அ.

இங்கதான் நெறைய பேர் 120 − அ-ன்னு எழுதிடறாங்க. போன வாரம் ஒரு பொண்ணு அப்படி எழுதி, கடகடன்னு வகையிட்டு, அ = 60-னு கொண்டு வந்துச்சு. நான் தப்புன்னு சொல்லல, "சரிம்மா, அந்த 60-ஐ படத்துல எழுது"ன்னேன். ரெண்டு பக்கமும் 60, 60 எழுதினதும் அதுக்கே தெரிஞ்சுபோச்சு, 120 மீட்டரும் அங்கயே தீந்துடுச்சு, எதிர்ப்பக்கத்துக்கு கம்பியே இல்ல. அதுவே ரப்பர் எடுத்து அழிச்சிடுச்சு.

படி 2: பரப்பு = அ × (120 − 2அ) = 120அ − 2அ². அடைப்புக்குறிக்குள்ள இருக்கற ரெண்டையும் பெருக்கணும், ஒண்ணை மட்டும் இல்ல.

படி 3: வகையிடுங்க. அடுக்கு முன்னாடி வந்து பெருக்கும், அடுக்குல ஒண்ணு கொறையும். 120அ, 120 ஆகும். 2அ², 4அ ஆகும். பரப்பு ஏறி முடிஞ்சு எறங்க ஆரம்பிக்கற எடத்துல இந்த வகைக்கெழு பூஜ்யம் ஆகும், அதனால 120 − 4அ = 0, அ = 30. எதிர்ப்பக்கம் 60, பரப்பு 1800 சதுர மீட்டர்.

படி 4: இது பெருமம்தானா, அதாவது அதிகபட்சம்தானா? ரெண்டாவது தடவை வகையிட்டா −4, குறை எண், அதனால பெருமம். எனக்கு இதைவிட பத்தாவது வர்க்கப் பூர்த்தி முறைதான் (அ வர்ற உறுப்புகளை ஒரே வர்க்கத்துக்குள்ள சேத்து எழுதறது) புடிக்கும், ஏன்னா அதுல காரணமே கண்ணு முன்னாடி நிக்குது:

பரப்பு = 1800 − 2(அ − 30)²

வர்க்கம் எப்பவும் குறை எண் ஆகாது, அதனால 1800-ல இருந்து கழியத்தான் செய்யும், அ = 30 ஆனா மட்டும் எதுவும் கழியாது. 29 போட்டாலும் 31 போட்டாலும் 1798தான் வரும், போட்டுப் பாருங்க.

மூணு பக்கமும் சமமா 40, 40, 40-னு அடைச்சா 1600தான். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர், ஆக அதே கம்பியில கிட்டத்தட்ட 5 சென்ட் போயிடுது.

இப்ப கால்வாயே இல்லாம நாலு பக்கமும் அதே 120 மீட்டர்ல அடைக்கணும்னா? படி 1-ல சமன்பாடு மாறும், மாத்தி எழுதிப் போடுங்க. 900 வந்தா சரி.