எதிர்க்கட்சி எம்.பி.யின் 'ரிப்போர்ட் கார்டு': படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 ஆகஸ்டில் மணிப்பூர் கலவரத்தை முன்வைத்து மக்களவையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவர் காங்கிரஸின் கௌரவ் கோகோய். மூன்று நாள் விவாதம் நடந்து, ஆகஸ்ட் 10 அன்று தீர்மானம் தோற்றது. அதில் உங்கள் தொகுதி எம்.பி. எப்படி வாக்களித்தார் என்று தேடிப் பாருங்கள், கிடைக்காது. பிரதமரின் பதிலுரையின்போதே எதிர்க்கட்சிகள் வெளிநடப்பு செய்துவிட்டன. மிச்சமிருந்தவர்களின் குரல் வாக்கெடுப்பில் தீர்மானம் தோற்கடிக்கப்பட்டது. ஒரு எதிர்க்கட்சி எம்.பி.க்கு அதைவிடப் பெரிய வாக்கெடுப்பு இருக்க முடியாது. ஆனால் பெயர்ப் பட்டியல் என்று ஒன்று இல்லவே இல்லை.

இருந்தாலும் தேர்தல் நெருங்கினால் வாட்ஸ்அப்பில் எம்.பி.க்களின் 'ரிப்போர்ட் கார்டு' அட்டைகள் வரத் தொடங்கிவிடும். வருகை இத்தனை சதவீதம், கேள்விகள் இத்தனை, விவாதங்கள் இத்தனை, தனிநபர் மசோதா (அமைச்சராக இல்லாத எம்.பி. தானே கொண்டுவருவது) பூஜ்யம். பெரும்பாலும் பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனம் தொகுக்கும் கணக்கிலிருந்து எடுத்ததாக இருக்கும். எண்கள் சரியாகவே இருக்கும், படிக்கும் விதம்தான் தவறிப்போகிறது. ஆளுங்கட்சி எம்.பி.யைப் படிக்கும்போதும் தவறு வரும், ஆனால் எதிர்க்கட்சி எம்.பி. விஷயத்தில் அது பல மடங்கு. அவருடைய எண்களில் பாதியைத் தீர்மானிப்பது அவர் அல்ல.

எல்லா மசோதாவுக்கும் பெயர்வாரி வாக்கு இருக்கிறது என்று நினைப்பது

நம் நாடாளுமன்றத்தில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறுகின்றன. தமிழக சட்டமன்றத்தில் "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" என்று கேட்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள், அதேதான். யார் ஆம் என்றார், யார் இல்லை என்றார் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. உறுப்பினர் யாராவது எழுந்து 'டிவிஷன்' கேட்டால்தான் பெயர்வாரியாக வாக்கு பதிவாகும். அப்போதும் மக்களவை விதிப்படி, டிவிஷன் தேவையின்றிக் கேட்கப்பட்டது என்று சபாநாயகர் கருதினால் உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லித் தலையை எண்ணி முடித்துவிடலாம். அதில் எண்ணிக்கை மட்டும் இருக்கும், பெயர்கள் இருக்காது.

டிவிஷன் கேட்டும் கிடைக்காத நாளும் உண்டு. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் வந்தபோது, தி.மு.க.வின் திருச்சி சிவா உட்பட எதிர்க்கட்சியினர் டிவிஷன் கேட்டார்கள். துணைத் தலைவர் ஹரிவன்ஷ் குரல் வாக்கெடுப்பிலேயே முடித்தார். கேட்டவர்கள் தங்கள் இருக்கையில் இல்லை என்பது அவர் தரப்பு விளக்கம். இருக்கையிலிருந்துதான் கேட்டோம் என்பது எதிர்க்கட்சிகளின் பதில். மறுநாள் எட்டு எம்.பி.க்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். ஓராண்டுக்கும் மேல் டெல்லி எல்லையில் விவசாயிகளை உட்கார வைத்த சட்டங்கள் அவை. மாநிலங்களவையில் அவற்றை எதிர்த்தவர்கள் யார் யார் என்பதற்கு அதிகாரப்பூர்வமான வாக்குப் பட்டியல் கிடையாது. ஆகவே "வேளாண் சட்டத்துக்கு எதிராக வாக்களித்த ஆதாரத்தைக் காட்டு" என்று யாராவது ஒரு எம்.பி.யிடம் சவால் விட்டால், அந்த எம்.பி. முழிப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

இதிலேயே இன்னொரு பள்ளம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. அரசியலமைப்புத் திருத்த மசோதா என்றால் சிறப்புப் பெரும்பான்மை (மூன்றில் இரண்டு பங்கு) தேவை, அதனால் டிவிஷன் கட்டாயம். விளைவு, நம் கைக்குக் கிடைக்கும் பெயர்வாரிப் பட்டியல்களில் கணிசமானவை அரசியலமைப்புத் திருத்தங்களுக்கானவை. ஆனால் அவை பெரும்பாலும் பரந்த ஒப்புதலோடு நிறைவேறுபவை. மகளிர் இடஒதுக்கீடு 2023-ல் மக்களவையில் 454-2. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் மாநில உரிமையைத் திருப்பித் தந்த மசோதா 2021-ல் 385-0. இந்தப் பட்டியல்களை மட்டும் எடுத்து, "இந்த எதிர்க்கட்சி எம்.பி. இத்தனை சதவீத வாக்கெடுப்பில் அரசோடு நின்றார்" என்று கணக்குப் போட்டால், தீவிர எதிர்ப்பாளர்கூட அரசின் பி டீம் போலத் தெரிவார். பிரிட்டன் எம்.பி.க்களுக்கு அப்படிக் கணக்குப் பார்க்கும் பழக்கம் உண்டு, அங்கே டிவிஷன் அன்றாடம் நடக்கிறது. அந்தச் சட்டையை இங்கே கொண்டுவந்து மாட்டினால் பொருந்தாது.

வெளிநடப்பை 'வரவில்லை' என்று படிப்பது, அல்லது 'எதிர்த்தார்' என்று படிப்பது

இரண்டுமே தவறு. 2019 ஜூலை 30 அன்று முத்தலாக் மசோதா மாநிலங்களவையில் 99-84 என்று நிறைவேறியது. ஆளும் கூட்டணிக்கு அங்கே சொந்தப் பெரும்பான்மை இல்லாத காலம் அது. மசோதாவில் உடன்பாடு இல்லாத அ.தி.மு.க.வும் ஐக்கிய ஜனதா தளமும் வெளிநடப்பு செய்தன. சாதாரண மசோதாவுக்கு அவையில் இருந்து வாக்களிப்பவர்களில் பாதிக்கு மேல் கிடைத்தால் போதும். ஆக, எதிர்ப்பவர் எழுந்து போனால் தேவையான எண்ணிக்கை குறைகிறது, மசோதாவுக்கு அது உதவி. பேச்சில் எதிர்ப்பு, கணக்கில் ஒத்தாசை. ஆனால் அரசிடம் பெரும்பான்மை அசைக்க முடியாதபடி இருக்கும் மக்களவையில் அதே வெளிநடப்பு வெறும் அடையாளம்தான், முடிவை மாற்றாது. எந்த அவை, அன்றைய பலம் என்ன, வித்தியாசம் எவ்வளவு என்று பார்க்காமல் வெளிநடப்புக்கு அர்த்தம் சொல்ல முடியாது.

பொருளாதாரத்தில் நலிந்த முன்னேறிய பிரிவினருக்கான 10 சதவீத இடஒதுக்கீட்டையும் பாருங்கள். 2019 ஜனவரி 8, மக்களவையில் 323-3. "தமிழ்நாட்டிலிருந்து ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்கவில்லையே" என்று அந்தப் பட்டியலைக் காட்டிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மக்களவையில் தி.மு.க.வுக்கு ஒரு எம்.பி.கூட இல்லை. 37 இடம் வென்றிருந்த அ.தி.மு.க. எதிர்த்துப் பேசிவிட்டு வெளியேறியது. தி.மு.க.வின் எதிர்ப்பு வாக்கு மறுநாள் மாநிலங்களவைப் பட்டியலில் இருக்கிறது, அங்கே 165-7. ஓர் அவையின் பட்டியலை மட்டும் பார்த்துக் கட்சியின் நிலைப்பாட்டைச் சொல்வது பாதிப் பக்கத்தைப் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதுவது.

எந்தக் கட்டத்து வாக்கு என்று பார்க்காமல் பகிர்வது

2024 டிசம்பர் 17 அன்று 'ஒரே நாடு ஒரே தேர்தல்' மசோதாவை அறிமுகம் செய்யலாமா என்று மக்களவையில் டிவிஷன் நடந்தது. மின்னணுப் பலகையில் முதலில் வந்த எண் 220-149. சீட்டில் எழுதிக் கொடுத்த வாக்குகளும் சேர்ந்த பிறகு 269-198. முதல் எண்ணை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, "நூறு எம்.பி.க்கள் எங்கே போனார்கள்?" என்று கேட்பது அநியாயம். பலகையில் வருவது திருத்தத்துக்கு உட்பட்டது, அவைக்குறிப்பில் அச்சாவதுதான் கணக்கு.

அன்றைக்கே இன்னொரு குழப்பமும் ஓடியது. மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காததால் மசோதா தோற்றுவிட்டது என்று சிலர் கொண்டாடினார்கள். அறிமுகத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும், நிறைவேற்றத்தான் மூன்றில் இரண்டு வேண்டும். 269 வாக்கு அரசுக்கு ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான். மசோதா இரு அவை எம்.பி.க்களும் கொண்ட கூட்டுக்குழுவுக்குப் போனது.

வாக்கைத் தனிமனிதரின் மனசாட்சியாகப் படிப்பது

1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கட்சியின் கொறடா உத்தரவை ('விப்') மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் இருந்தாலோ பதவி போகலாம். ஆகவே விப் போடப்பட்ட வாக்கெடுப்பில் எம்.பி.யின் வாக்கு என்பது கட்சியின் வாக்கு. குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் 125-105 என்று நிறைவேறியதையும், ஆதரித்தவர்களில் அ.தி.மு.க.வும் இருந்ததையும் அந்தக் கட்சியிடம் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். தனி உறுப்பினரை மட்டும் பிடித்து உலுக்குவதில் பெரிய பயனில்லை. அவருடைய சொந்தக் குரலைத் தேட வேண்டிய இடங்கள் வேறு: மசோதாவின் உட்பிரிவுகளுக்கு அவர் கொடுத்த திருத்தங்கள், அவசரச் சட்டத்தை நிராகரிக்கக் கோரும் தீர்மானங்கள், குழு அறிக்கையில் எழுதிய மறுப்புக் குறிப்பு. இவற்றில் ஏறக்குறைய எல்லாமே தோற்கும். தோற்றதைப் பார்க்காதீர்கள், என்ன எழுதியிருக்கிறார் என்று படியுங்கள்.

வக்பு திருத்த மசோதா நல்ல உதாரணம். 2025 ஏப்ரலில் மக்களவையில் 288-232 என்று நிறைவேறியதைத்தான் எல்லோரும் பேசினார்கள். அதற்கு முன் மசோதாவைப் பல மாதங்கள் ஆராய்ந்த கூட்டுக்குழுவில் தி.மு.க.வின் ஆ.ராசாவும் எம்.எம்.அப்துல்லாவும் உறுப்பினர்கள். எதிர்க்கட்சி உறுப்பினர்களின் மறுப்புக் குறிப்புகளில் சில பகுதிகள் நீக்கப்பட்டதாகப் பெரிய சர்ச்சை எழுந்து, பிறகு அவை சேர்க்கப்பட்டன. குழுக் கூட்டங்கள் கதவடைத்து நடப்பவை, அங்கே பேசியது எந்த அட்டையிலும் எண்ணாக ஏறாது. ஆனால் அந்தக் குறிப்பைப் படித்தால் ஓர் எம்.பி. மசோதாவை எவ்வளவு ஆழமாகப் படித்திருக்கிறார் என்று பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வருகை சதவீதம்

இதற்கு இவ்வளவு மதிப்பு ஏன் வந்தது என்று எனக்குப் புரியவில்லை. வந்ததாகப் பதிந்தால் வருகை, தினப்படியும் உண்டு. வருகையைப் பதிந்துவிட்டு ஐந்து நிமிடத்தில் கிளம்பியவருக்கும், இரவு வரை உட்கார்ந்திருந்தவருக்கும் ஒரே ஒரு நாள்தான். அமைச்சர்களும் எதிர்க்கட்சித் தலைவரும் வருகையைப் பதிய வேண்டியதில்லை. அதனால் 2024 ஜூனில் எதிர்க்கட்சித் தலைவரான பிறகு ராகுல் காந்தியின் வருகை சதவீதம் என்று யாராவது ஓர் எண்ணைக் காட்டினால், அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

சஸ்பென்ஷனைக் கழிக்காமல் பார்ப்பது இதைவிட மோசம். 2023 குளிர்காலக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 எதிர்க்கட்சி எம்.பி.க்கள் சஸ்பெண்ட் ஆனார்கள், மக்களவையில் மட்டும் 100 பேர். அந்த நாட்களில் அவர்கள் அவைக்குள் வர முடியாது. நோட்டீஸ் கொடுத்தால் ஏற்கப்படாது, குழுக் கூட்டத்திலும் உட்கார முடியாது. அவர்கள் வெளியே நின்றபோதுதான் இந்திய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா உட்பட மூன்று குற்றவியல் மசோதாக்கள் மக்களவையில் நிறைவேறின. "இவ்வளவு முக்கியமான விவாதத்தில் பேசவே இல்லை" என்று அட்டை சொல்லும், காரணம் சொல்லாது. அந்த அமளியில் சேலம் எம்.பி. எஸ்.ஆர்.பார்த்திபனின் பெயரும் சஸ்பெண்ட் பட்டியலில் வந்தது. அன்று அவர் அவையிலேயே இல்லை என்று தெரிந்து, பிறகு பெயரை நீக்கினார்கள்.

சரி, அவை முடங்குவதற்கு எதிர்க்கட்சிக்கும் பங்கு இல்லையா? உண்டு. 2021 மழைக்காலக் கூட்டத்தொடரில் பெகாசஸ் உளவு விவகாரமும் வேளாண் சட்டங்களும் கிளப்பிய அமளியில் மக்களவை திட்டமிட்ட நேரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் நடந்தது. அந்தக் கூட்டத்தொடரில் ஒருவர் குறைவாகப் பேசியதற்குத் தனியாக அவரைக் குறை சொல்ல முடியாது. முடக்குவது என்று முடிவெடுத்த அவருடைய கட்சியிடம் கேட்கலாம்.

கேள்விகளை எண்ணுவது

மக்களவையில் ஒரு நாளுக்கு, அவையில் வாய்மொழியாகப் பதில் தரும் நட்சத்திரக் கேள்விகள் 20, எழுத்துப்பூர்வமாகப் பதில் தரும் நட்சத்திரமிடாத கேள்விகள் 230. குறைந்தது 15 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும், எது பட்டியலில் ஏறும் என்பது குலுக்கலில் முடிவாகிறது. ஆக, "கேட்ட கேள்விகள்" என்பது உண்மையில் "குலுக்கலில் விழுந்து, ஏற்கப்பட்ட கேள்விகள்". ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகக் கட்டிவிடுவதும் உண்டு. ஒரே கேள்வியில் நான்கைந்து பெயர் இருந்தால் நான்கைந்து பேர் கணக்கிலும் ஒவ்வொன்று ஏறும்.

எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பதிலைப் பார்ப்பது மேல். 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரமே ரத்தானது, எழுத்துப்பூர்வக் கேள்விகள் மட்டும் மிஞ்சின. ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று அந்தக் கூட்டத்தொடரின் முதல் நாளில் கேட்டதற்கு, அப்படி விவரம் எதுவும் வைத்திருக்கவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் சொன்னது. அந்த ஒற்றை வரி நாடு முழுக்கத் தலைப்புச் செய்தியானது. ரயில் நிறுத்தம் கேட்கும் நூறு கேள்விக்கு இருக்கும் அதே ஒரு மதிப்பெண்தான் அதற்கும்.

விவாதக் கணக்கிலும் இதே கதை. பேச்சு நேரம் கட்சியின் பலத்தை வைத்துப் பிரிக்கப்படுகிறது. இரண்டே எம்.பி.க்கள் கொண்ட விடுதலைச் சிறுத்தைகளுக்குக் கிடைக்கும் நிமிடங்களையும் 22 பேர் கொண்ட தி.மு.க.வுக்குக் கிடைப்பதையும் ஒப்பிடும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். பெரிய கட்சியிலோ வேறு சிக்கல்: நேரம் இருக்கும், ஆனால் யார் பேசுவது என்பதைத் தலைமை முடிவு செய்யும்.

தனிநபர் மசோதா நிறைவேறவில்லை என்று சிரிப்பது

சுதந்திர இந்தியாவில் இதுவரை சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14. கடைசியாக ஆனது 1970-ல். ஆகவே "ஒன்றுகூட நிறைவேறவில்லை" என்பது ஐம்பது ஆண்டுகளாக எல்லா எம்.பி.க்கும் பொருந்தும். திருநங்கையர், திருநம்பியர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை ஒருமனதாக ஏற்றது. அதற்கு முன் ஒரு தனிநபர் மசோதா சட்டமாகி 45 ஆண்டுகள் ஆகியிருந்தன. சிவாவின் மசோதா மக்களவையைத் தாண்டவில்லை. அரசு தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்து 2019-ல் சட்டமாக்கியது, அதன் மீது திருநர் சமூகத்துக்குக் கடும் விமர்சனம் இருக்கிறது. அட்டையில் இது "தனிநபர் மசோதா: 1".

தொகுதி மேம்பாட்டு நிதியை இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். ஆண்டுக்கு 5 கோடி ரூபாயில் நிழற்குடை கட்டினாரா, வகுப்பறை கட்டினாரா என்பது கேட்க வேண்டிய கேள்விதான். அவைக்குள் செய்யும் வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சட்டமன்றத்துக்கு வந்தால் இவ்வளவு விவரம்கூட எளிதில் கிடைக்காது, கிடைக்கும் எண்ணும் ஏமாற்றும். 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை வாக்கு கோரியபோது முடிவு 122-11. அந்தப் பதினொன்றில் முதன்மை எதிர்க்கட்சியின் ஒரு வாக்குகூட இல்லை. 89 பேர் கொண்ட தி.மு.க. உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டிருந்தார்கள், காங்கிரசும் முஸ்லிம் லீக்கும் வெளிநடப்பு செய்திருந்தன. எதிர்த்து வாக்களித்தவர்கள் ஓ.பன்னீர்செல்வமும் அவர் அணியும். அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் அதே அரசில் துணை முதல்வரானார்.