ஆம்பர் ஏல்: ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் குடிக்காதீர்கள்

சிறு மதுவாலைகளின் ஆம்பர் ஏல் பியரை வாங்கினால், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து 10, 15 நிமிடம் வெளியே வையுங்கள். அப்புறம் கண்ணாடிக் குவளையில் முக்கால் பங்கு ஊற்றி, முதலில் முகர்ந்து பாருங்கள். பாட்டிலோடு குடித்தால் பாதி மணம் மூக்குக்கு வந்து சேராது.

இந்த வகை பியருக்கு அந்தச் செம்பழுப்பு நிறத்தையும் டாஃபி, வறுத்த ரொட்டி போன்ற சுவையையும் தருவது கிரிஸ்டல் மால்ட், அதாவது முளைகட்டி வறுத்த ஒரு வகை பார்லி. கடுங்குளிரில் மணப்பொருள்கள் எளிதில் மேலெழாது, நாக்கும் மரத்துவிடும். கசப்பும் நுரையும்தான் தெரியும். 8 முதல் 12 டிகிரி செல்சியஸில் அந்த இனிப்பு மெல்ல வெளியே வரும். கலிஃபோர்னியாவின் பூன்வில் ஊரில் 1987-இல் தொடங்கிய ஆண்டர்சன் வேலி மதுவாலையின் ‘பூன்ட் ஆம்பர்’ இப்படிச் சுவைக்க அருமையான ஒன்று. மால்ட்டுக்காகத்தானே கூடுதல் விலை கொடுக்கிறோம், அது தெரியாமல் குடிப்பது வீண்.

பில்ஸ்னர், லைட் லாகர் போன்ற வெளிர்நிற, இலேசான பியர் வகைகளுக்கு இது வேண்டாம். அவை சில்லென்று இருந்தால்தான் நன்றாக இருக்கும். ஆம்பர் ஏலையும் வெயில் கொளுத்தும் நாளில் ஐந்து நிமிடம் வெளியே வைத்தாலே போதும். நாள்பட்ட பாட்டில் என்றால் சூடு ஏற ஏற ஈர அட்டை வாடைதான் தூக்கலாக வரும், அதனால் வாங்கும்போதே தேதியைப் பார்த்துவிடுங்கள்.