கிரிவலம் போன கால்களும் காட்டுச் சுற்றுப்பாதையும்

"பதினாலு கிலோமீட்டர்தானே? திருவண்ணாமலை கிரிவலமே அவ்வளவு தூரம். செருப்பில்லாமலே நடந்திருக்கேன்." சென்னையிலிருந்து முதல்முறை காட்டுக்குள் நடக்க வருகிறவர்களில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். எங்கள் கூட்டத்தில் சொன்னது நான்தான்.

கிரிவலத்தில் கீழே தார்ச்சாலை, மேலே விளக்கு, நாலடிக்கு ஒரு டீக்கடை. முட்டி வலித்தால் ஆட்டோ. காட்டுச் சுற்றுப்பாதையும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும், அவ்வளவுதான் ஒற்றுமை. நடுவில் எங்கேயும் வெளியே வர வழி கிடையாது. நம் ஆட்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இதை மறப்பதால் வருகிறவை.

முதல் தவறு ஊத்துக்கோட்டையிலேயே நடந்துவிடுகிறது. செங்குன்றம், பெரியபாளையம் வழியாக நாகலாபுரம் மலைக்குப் போகிறவர்கள், ஆந்திர எல்லைக்கு முன்னால் கடைசியாக ஒரு டிபன் சாப்பிடலாம் என்று வண்டியை நிறுத்துவார்கள். பொங்கல், வடை, ஒரு காபி, அப்புறம் இன்னொரு காபி. காட்டில் கால் வைக்கும்போது மணி ஒன்பதரை ஆகியிருக்கும்.

இதில் என்ன கெட்டுப்போகிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு அது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி நேரம். 14 கி.மீ. தூரம், மொத்தம் 600 மீட்டர் ஏற்றம் என்றால் ஏறக்குறைய 4 மணி நேரம். ஆனால் அது குளிர்ந்த ஊர்க்காரர் நிற்காமல் நடப்பதற்குப் போட்ட கணக்கு. நம் பக்கத்து வெயில், உருண்டைப் பாறை, முள், போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து நான் அதை இரண்டால் பெருக்கிக்கொள்வேன். ஆக, 8 மணி நேரம். காலை ஆறரைக்குக் கிளம்பினால் பிற்பகல் இரண்டரைக்கு முடியும். ஒன்பதரைக்குக் கிளம்பினால் மாலை ஐந்தரை. நவம்பர் கடைசியில் சென்னைப் பக்கம் சூரியன் மறைவது சுமார் 5.40-க்கு. மலைக்கு நடுவே ஓடைப் பள்ளத்தில் நிற்கிறவருக்கு அதற்கும் முன்பே இருட்டிவிடும். அந்த இரண்டாவது காபி எவ்வளவு விலை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. அதை நாங்களே செய்து பார்த்தோம். நடுவழியில் ஒரு குளம் வந்தது. அடியில் கூழாங்கல் தெரிகிற தண்ணீர். ஒரு மணி நேரம் ஊறிவிட்டு எழுந்தபோது மணி ஒன்றரை. கையிலிருந்த வரைபடப்படி 6 கி.மீ. வந்திருந்தோம், இன்னும் எட்டு பாக்கி. "வந்த வழியே போனா போர் அடிக்கும், பாதி வந்துட்டோம்ல" என்றான் நண்பன். எல்லோரும் தலையாட்டினோம். ஏற்கெனவே நடந்து பார்த்த 6 கி.மீ.யை விட்டுவிட்டு, பார்க்காத 8 கி.மீ.யைத் தேர்ந்தெடுத்தோம். சுற்றுப்பாதை ஆளை ஏமாற்றுகிற இடம் இதுதான். பாதியைத் தொடும்வரை திரும்புவதுதான் எப்போதும் குறைந்த தூரம், அதுவும் தெரிந்த வழி. ஆனால் 'சுற்றை முடிக்கணும்' என்ற ஆசை முன்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். பாதியைத் தாண்டிவிட்டால் திரும்பினாலும் தொலைவு, போனாலும் தொலைவு.

அன்று எங்கள் மீதிப் பாதையில்தான் பெரிய ஏற்றம் இருந்தது. தூரத்தில் பாதி என்றால் நேரத்தில் பாதி என்று நினைத்ததும் எங்கள் தப்புதான். ஆறு மணிக்கு இருட்டு. ஒன்பது பேருக்கு சார்ஜ் இருந்த இரண்டு செல்போன்களின் வெளிச்சம். ஒரே ஓடையை மூன்று முறை கடந்தோம், ஒவ்வொரு முறையும் வேறு ஓடை என்று நினைத்துக்கொண்டு. ஏழே முக்காலுக்கு எங்கேயோ நாய் குரைத்தது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வந்தோம். பட்டிக்கு வெளியே கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்த ஆட்டுக்காரப் பெரியவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "குளத்துலேர்ந்தே திரும்பியிருந்தா இந்நேரம் வீட்ல இருந்திருப்பீங்களே சார்" என்றார். குளத்தில் ஊறியது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை. எல்லோரும் அங்கேதான் ஊறுவார்கள் போல.

அதிலிருந்து நான் செய்வது இது: திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்து, கூட வருகிற எல்லோரிடமும் சொல்லிவிடுவேன். பதினொன்றுக்குள் இந்தக் குளத்தைத் தொடாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான், பேச்சே கிடையாது. காட்டுக்குள் போய் ஓட்டெடுப்பு நடத்தினால் ஆசைதான் ஜெயிக்கும்.

வழி தவறுவதிலும் சுற்றுப்பாதைக்கென்று ஒரு தனி விதம் உண்டு. காட்டில் மாட்டுத் தடங்கள் ஏராளம். அவை பார்ப்பதற்கு அச்சு அசல் ஒற்றையடிப்பாதை மாதிரியே இருக்கும். பிரியும், சேரும், கடைசியில் ஒரு புல்வெளியிலோ தண்ணீர்க் குட்டையிலோ சத்தமில்லாமல் முடிந்துவிடும். பாறையில் அடித்த பெயின்ட் அம்புக்குறி பத்து நிமிடமாகக் கண்ணில் படவில்லை என்றால் கடைசிக் குறி இருந்த இடத்துக்குத் திரும்புங்கள். பலர் செய்வது வேறு. 'பாதை வட்டம்தானே, நடுவே குறுக்கே வெட்டினால் அந்தப் பக்கம் போய் முட்டித்தானே ஆகணும்' என்று இறங்கிவிடுவார்கள். காகிதத்தில் சரிதான். ஆனால் பாதை அந்த நடுப்பகுதியைச் சுற்றிக்கொண்டு போவதற்குக் காரணம் இருக்கும்: செங்குத்தான பள்ளமோ, புக முடியாத புதரோ. சூரை முள்ளுக்குள் ஒரு முறை மாட்டினால் புரியும். முன்னே இழுத்தாலும் பிடிக்கும், பின்னே இழுத்தாலும் பிடிக்கும்.

கூட்டம் பிரிவதும் இப்படித்தான். வேகமாக நடக்கிறவர்கள் ஒவ்வொரு கிளைப்பாதையிலும் கடைசி ஆள் வரும்வரை நிற்க வேண்டும். "நீங்க இடது பக்கமா வாங்க, நாங்க வலது பக்கமா வர்றோம், நடுவுல பார்த்துக்கலாம்" என்பதெல்லாம் மெரினாவில் சரி.

செல்போனைப் பற்றி ஒரு தகவல். சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். சிக்னலைத் தேடித் தேடித்தான் பேட்டரி காலியாகிறது. வீட்டிலேயே வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டு, காட்டில் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டால் நாள் முழுக்கத் தாங்கும். தலையில் மாட்டும் டார்ச் ஆளுக்கு ஒன்று வேண்டும், பகல் நடைக்கும்தான்.

தண்ணீர் விஷயத்தில் ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டிலோடு வருகிறவர்கள்தான் அதிகம். மணிக்கு அரை லிட்டர் என்று வைத்தாலே 8 மணி நேரத்துக்கு 4 லிட்டர், அதாவது முதுகில் 4 கிலோ. கனமாகத்தான் இருக்கும். 'ஓடையில் பிடித்துக்கொள்ளலாம்' என்றால், மாசியில் அங்கே ஓடை இருக்குமா என்றே சொல்ல முடியாது. இருந்தாலும் மேலே எருமை படுத்திருக்கலாம். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் தப்பு. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும், அதோடு உப்பும் போகும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை உறையில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில் கரையுங்கள். சுவைக்காகப் பாதித் தண்ணீரில் கெட்டியாகக் கரைக்காதீர்கள். சாப்பாட்டுக்குத் தயிர் சாதத்தைவிடப் புளியோதரை நல்லது, மதியம் வரை தாங்கும். கூட வருகிறவர் பேச்சுக் குழறி, தடுமாறி நடந்தால் அது களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். நிழலில் படுக்கவைத்து, ஈரத்துணியால் துடைத்து விசிறி, உடம்பைக் குளிரவைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வழி பாருங்கள்.

எந்த மாதத்தில் போகிறோம் என்பதை நாம் விடுமுறையைப் பார்த்து முடிவு செய்கிறோம். காட்டைப் பார்த்துச் செய்ய வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவில் சென்னையிலிருந்து போனவர்கள் பலர். இறந்தவர்கள் 23 பேர். பிப்ரவரி முதல் காய்ந்த புல்லும் சருகும் ஒரு தீக்குச்சிக்குக் காத்திருக்கும். அந்தக் காலத்தில் வனத்துறை பாதைகளை மூடுவதற்கு அதுதான் காரணம். 'ஆஃப் சீசன், கூட்டம் இருக்காது' என்று திருட்டுத்தனமாக நுழைவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத விஷயம். தீ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாகப் போகும், ஏனென்றால் கீழே எரிகிற சூடு மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும். புகையைப் பார்த்ததும் மேலே ஓடுவதுதான் எல்லோருக்கும் தோன்றும். வெறும் பாறை, ஓடை மணல், ஏற்கெனவே எரிந்து முடிந்த தரை, இவை எங்கே இருக்கின்றன என்று பக்கவாட்டில் பார்க்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் சிக்கல் தண்ணீரால். மேலே மழை பெய்தால், நாம் நிற்கிற இடம் காய்ந்திருக்கும்போதே ஓடை கலங்கி ஏறும். காலையில் கணுக்கால் அளவில் கடந்த ஓடையைச் சாயங்காலமும் கடந்தாக வேண்டியிருக்கலாம். குளங்களில் பாறைமேல் நின்று குதிக்காதீர்கள். நீச்சல் தெரிந்தவருக்கும் பாசியும் ஆழமும் தெரியாது.

அனுமதி வாங்காமல் காப்புக்காட்டுக்குள் போவது குற்றம். ஆந்திரப் பக்கத்துக்கு அந்த மாநில வனத்துறையைக் கேட்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளுக்கு ஆன்லைனிலேயே பதிவு செய்யலாம், உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். சென்னைக்குப் பக்கம் என்றால் பூண்டி அருகே குடியம் குகைப் பாதை. முதல் நடைக்கு என் ஓட்டு அதற்குத்தான். அதற்கும் முன்னால் திருக்கழுக்குன்றத்தின் 500-க்கும் மேற்பட்ட படிகளை முதுகுப்பையோடு ஏறி இறங்கிப் பாருங்கள், முட்டி உண்மையைச் சொல்லிவிடும்.

பாம்பைப் பற்றிப் பயப்படும் அளவுக்குப் பாம்பு நம்மைத் தேடி வருவதில்லை. பார்க்காத இடத்தில் கையை வைக்காமல், விழுந்த மரத்தைத் தாண்டும்போது மேலே ஏறி, அந்தப் பக்கம் பார்த்து இறங்கினால் போதும். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்ட காலை அசையாமல் வைத்து, ஆளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், சிக்னல் கிடைத்ததும் 108. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என நாலுக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான். அதனால் எந்தப் பாம்பு என்று பார்க்கத் துரத்திக்கொண்டு போக வேண்டாம். அந்த மருந்துக்கான விஷத்தைக் கொடுப்பது நம் ஈசிஆரில் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம்.

உடை விஷயம் சின்னது. அரைக்கால் சட்டை வேண்டாம். பூனைக்காலிக் காயின் சுணை ஒருமுறை காலில் பட்டவர்கள் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

முழுக்கால் சட்டைக்கு இன்னொரு காரணமும் உண்டு. புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணிப் பூச்சி கடித்து வருவது ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல். மழைக்காலத்திலும் அதை ஒட்டிய குளிர்மாதங்களிலும் நம் பக்கம் அதிகம். வீடு வந்ததும் குளித்து, துணியை உடனே துவைத்துப் போடுங்கள். காய்ச்சல் மறுநாளே வராது, ஒன்றிரண்டு வாரம் கழித்து வரும். அதற்குள் காட்டுக்குப் போனதையே மறந்திருப்போம். அக்குள், இடுப்பு மடிப்பு மாதிரி இடங்களில் சிகரெட் சுட்ட மாதிரி வலிக்காத கருப்புப் புண் இருக்கிறதா என்று பாருங்கள். புண் இருந்தாலும் இல்லாவிட்டாலும், டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல், "போன மாசம் காட்டுல நடந்துட்டு வந்தேன்" என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.