மலிவான கன்ட்ரோலர் வாங்கும் முன்: வீட்டு ஆட்டோமேஷனுக்கு முதல் படிகள்

வீட்டு வேலைகளைத் தானாக நடக்க வைக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, கன்ட்ரோலராக, அதாவது சென்சார்களைப் பார்த்துப் பொருட்களை இயக்கும் குட்டிக் கணினியாக, "எந்த போர்டு வாங்கலாம்?" என்பதைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பலன், மேசை இழுப்பறையில் நான்கு போர்டுகள் சும்மா கிடக்கின்றன. ஒரு மோட்டாரை அணைக்கவும் ஒரு விளக்கைப் போடவும் பெரிய வேகமோ நினைவகமோ தேவையில்லை. எத்தனை கம்பிகள் உள்ளே வருகின்றன, எத்தனை வெளியே போகின்றன, மின்சாரம் போய்த் திரும்பும்போது என்ன நடக்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை கிடைத்தால் எந்த போர்டு என்பது பாதி முடிவான மாதிரி.

படி 1: ஒரு தாளில் எழுதுங்கள்

உதாரணத்துக்கு மூன்று வேலைகளை எடுத்துக்கொள்வோம். மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார், இருட்டில் ஆள் வந்தால் எரியும் படிக்கட்டு விளக்கு, மண் காய்ந்தால் செடிகளுக்குத் தண்ணீர் விடும் வால்வு.

இப்போது எண்ணுங்கள். மோட்டாருக்கு மேல்தொட்டியில் மேலே ஒன்று, கீழே ஒன்று, தரைத்தொட்டியில் ஒன்று என்று, தண்ணீர் மட்டத்தோடு மிதந்து ஏறி இறங்கும் மூன்று ஃப்ளோட் சுவிட்சுகள். கையால் இயக்க ஒரு பொத்தான். படிக்கட்டுக்கு ஆள் நடமாட்டம் காட்டும் சென்சார். ஆக, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும் டிஜிட்டல் உள்ளீடுகள் ஐந்து. வெளிச்சம் எவ்வளவு, மண்ணில் ஈரம் எவ்வளவு என்று அளவு சொல்லும் அனலாக் உள்ளீடுகள் இரண்டு. மோட்டார், விளக்கு, வால்வு என வெளியீடுகள் மூன்று. மொத்தம் பத்து. அதற்கு மேல் இரண்டு மூன்று பின்கள் (போர்டில் கம்பி மாட்டும் முனைகள்) மிச்சம் இருக்கட்டும், ஆசை அடங்காது.

இந்தச் சின்னக் கணக்கே சில போர்டுகளைக் கழித்துவிடும். இஎஸ்பி8266 என்ற போர்டு மிக மலிவு, வைஃபையும் உண்டு. ஆனால் அதில் அனலாக் உள்ளீடு ஒன்றே ஒன்றுதான். நமக்கு இரண்டு வேண்டும். சரி, அது போகட்டும்.

படி 2: மின்சாரமும் இணையமும் போனால்?

தாளின் பின்பக்கம் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு வரி எழுதுங்கள். மின்சாரம் திரும்பியதும் இது எந்த நிலையில் இருக்க வேண்டும்? வைஃபை இல்லாவிட்டாலும் இது ஓட வேண்டுமா? மோட்டாருக்கு என் பதில்: மின்சாரம் வந்ததும் அணைந்தே இருக்க வேண்டும், சென்சார்களைப் பார்த்துவிட்டுத்தான் ஓட வேண்டும், வைஃபை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலையில்லை. செல்போனில் தண்ணீர் அளவைப் பார்ப்பது கூடுதல் வசதிதான். தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்துவது எங்கோ இருக்கும் ஒரு சர்வரை நம்பி இருக்கக் கூடாது. வேறொருவரின் சர்வர் இல்லாமல் இயங்கவே இயங்காத பொருள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் வாங்குவதில்லை.

படி 3: எந்தக் குடும்பம்?

சந்தையில் இருப்பவற்றை மூன்று குடும்பங்களாகப் பிரிக்கலாம்.

முதலாவது மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகள், அதாவது ஒரே ஒரு நிரலைத் திரும்பத் திரும்ப ஓட்டும் குட்டிச் சில் (சிப்) கொண்டவை. 2005இல் இத்தாலியில் தொடங்கிய ஆர்டுயினோதான் பலருக்கு முதல் அறிமுகம். அதன் ஊனோ போர்டில் 14 டிஜிட்டல் பின்கள், 6 அனலாக் உள்ளீடுகள், 2 கிலோபைட் நினைவகம். நம் வேலைக்கு அது தாராளம். கற்றுக்கொள்ள இதைவிட எளிதானது கிடையாது, ஆனால் பழைய ஊனோவில் வைஃபை இல்லை. இஎஸ்பி32 2016இல் வந்தது. வைஃபை, புளூடூத், பல அனலாக் உள்ளீடுகள் எல்லாம் ஒரே சில்லில். ராஸ்பெரி பை பிக்கோவும் இந்தக் குடும்பம்தான். 2021இல் வந்த முதல் பிக்கோவில் வைஃபை கிடையாது, அடுத்த ஆண்டு வந்த பிக்கோ டபிள்யூவில் உண்டு. வாங்கும்போது அந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் விட்டால் திரும்பக் கடைக்குப் போக வேண்டிவரும்.

இரண்டாவது, பெயரால் குழப்பும் ராஸ்பெரி பை. இது லினக்ஸ் இயங்குதளம் ஓடும் முழுக் கணினி. ஹோம் அசிஸ்டன்ட் போன்ற மென்பொருளை ஓட்டி வீடு முழுவதையும் ஒரே திரையில் காட்ட இது நல்லது. ஆனால் மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கார்டு கெட்டுப்போகும் வாய்ப்பு உண்டு. மோட்டாரை நேரடியாக இதன் கையில் கொடுக்க எனக்கு மனம் வராது.

மூன்றாவது, தொழிற்சாலைகளில் இயந்திரங்களை இயக்கும் கன்ட்ரோலரான பிஎல்சி. கார் தொழிற்சாலைகளில் சுவர் சுவராக நின்ற ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய சுற்றைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) பலகைகளுக்குப் பதிலாக 1960களின் இறுதியில் பிறந்தது. மோடிகான் 084 முதல் பிஎல்சிகளில் ஒன்று, அதன் பின்னால் இருந்தவர் பொறியாளர் டிக் மார்லி. பழைய ரிலே வரைபடத்தைப் படிக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியனும் நிரல் எழுத வேண்டும் என்பதற்காகத்தான் ஏணி போன்ற லேடர் வரைபடம் அதன் மொழியானது. இதன் குட்டி வடிவங்களை ஸ்மார்ட் ரிலே என்பார்கள். சீமென்ஸ் லோகோ ஓர் உதாரணம்: அடிப்படைப் பெட்டியிலேயே 8 உள்ளீடுகள், 4 வெளியீடுகள். திருகு முனைகள், மின் பலகைக்குள் இருக்கும் உலோகப் பட்டையில் (டின் ரெயில்) மாட்டும் பெட்டி எல்லாம் சேர்ந்தே வரும்.

விலை பார்க்கும்போது ஒரு தவறு நடக்கும். வெறும் போர்டின் விலையை ஸ்மார்ட் ரிலே பெட்டியின் விலையோடு ஒப்பிடுவோம். போர்டோடு பவர் சப்ளை, ரிலே பலகை, இணைப்பு முனைகள், மூடிய பெட்டி எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அப்போதும் இஎஸ்பி32 பெரும்பாலும் மலிவுதான், ஆனால் வித்தியாசம் நினைத்த அளவு இருக்காது. மோட்டார் மட்டும்தான் வேலை, செல்போனில் எதுவும் பார்க்க வேண்டாம் என்றால் ஸ்மார்ட் ரிலே வாங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். நம் மூன்று வேலைகளும் வைஃபையும் வேண்டும் என்றால் இஎஸ்பி32. இங்கிருந்து அதையே வைத்துப் பேசுகிறேன்.

படி 4: பின்களைப் பொறுக்குங்கள்

இஎஸ்பி32இன் எல்லா பின்களும் ஒன்றல்ல. நான் சொல்வது முதல் வகை இஎஸ்பி32க்கு, பின்னால் வந்த வகைகளில் எண்கள் மாறும்.

6 முதல் 11 வரை தொடவே வேண்டாம், நிரல் இருக்கும் ஃபிளாஷ் நினைவகம் அவற்றில்தான் இணைந்திருக்கிறது. 0, 2, 12, 15 ஆகியவை போர்டு விழிக்கும் நேரத்தில் எப்படி இருக்கின்றன என்று சில் பார்க்கும். அங்கே ரிலேயோ சுவிட்சோ மாட்டினால் சில சமயம் போர்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். 34, 35, 36, 39 உள்ளீட்டுக்கு மட்டுமே. அவற்றில் உள்ளே புல்-அப் ரெசிஸ்டர் (சுவிட்ச் திறந்திருக்கும்போது பின்னை உயர்ந்த நிலையில் பிடித்துவைப்பது) கிடையாது, அதனால் சுவிட்ச் மாட்டினால் வெளியே ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டர் வேண்டும். அனலாக் சென்சாரை 32 முதல் 39 வரையுள்ள பின்களில் மாட்டுங்கள். மற்ற அனலாக் பின்கள் வைஃபை ஓடும்போது அளவு சொல்லாது. ஈர சென்சார் மேசையில் நன்றாக வேலை செய்து, வைஃபை சேர்த்ததும் ஊமையாகிவிட்டது என்று குழம்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இன்னொன்று: இந்த சில் 3.3 வோல்ட்டில் ஓடுவது. 5 வோல்ட் தரும் சென்சாரை நேரே செருகாதீர்கள்.

படி 5: ரிலே

இங்கேதான் நான் அடிபட்டேன். மலிவான ரிலே பலகைகள் பல, பின்னின் மின்னழுத்தம் தாழ்ந்தால்தான் ரிலேயை இழுக்கும் (அதாவது போடும்), உயர்ந்தால் விடும். நான் நிரலில் பின்னை வெளியீடு என்று முதலில் அறிவித்துவிட்டு, அடுத்த வரியில்தான் அதை உயர்த்தினேன். அந்த இடைவெளியில் பின் தாழ்ந்தே இருந்தது. மின்சாரம் வரும்போதெல்லாம் 'டக்' என்று ரிலே இழுத்து மோட்டார் ஒரு முறை உறுமிவிட்டு நிற்கும். மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்த ஓர் இரவில் அது எத்தனை முறை உறுமியது என்று அக்கம்பக்கத்தாரைத்தான் கேட்க வேண்டும். தீர்வு எளிது: பின் வெளியீடாக மாறும் கணத்திலேயே அது உயர்ந்திருக்கும்படி நிரல் எழுதுங்கள்.

5 வோல்ட் ரிலே பலகையோடு 3.3 வோல்ட் போர்டைச் சேர்த்தால் ரிலே இழுத்த பிறகு விடாமல் ஒட்டிக்கொள்வதும் உண்டு. பலகையில் ரிலேக்குத் தனி மின்முனையும் அதை இணைக்கும் ஜம்பரும் (கையால் கழற்றக்கூடிய குட்டி இணைப்பு) இருந்தால், ஜம்பரைக் கழற்றி ரிலேக்கு 5 வோல்ட்டும் சிக்னல் பக்கத்துக்கு 3.3 வோல்ட்டும் கொடுங்கள்.

ரிலேயின் தலையில் 10 ஆம்பியர் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து மோட்டாரை மாட்டிவிடாதீர்கள். அந்தக் கணக்கு ஹீட்டர் போன்ற சாதுவான சுமைக்கு. மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும், ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். சின்ன ரிலே ஒரு கான்டாக்டரை (மோட்டார் போன்ற பெரிய சுமைக்கான ரிலேயை) இழுக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இழுக்கட்டும். இந்த மின் இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். இதில் வீரம் வேண்டாம்.

படி 6: நிரல்

ஆர்டுயினோ மொழி, மைக்ரோபைத்தான், நிரலே எழுதாமல் அமைப்புக் கோப்பு மட்டும் எழுதும் இஎஸ்பிஹோம் என மூன்றிலும் இது ஓடும். ஏற்கெனவே ஹோம் அசிஸ்டன்ட் வைத்திருந்தால் இஎஸ்பிஹோம், இல்லாவிட்டால் ஆர்டுயினோ. எதை எடுத்தாலும் வைஃபை வழியாகவே நிரலைப் புதுப்பிக்கும் வசதியை முதல் நாளே சேர்த்துவிடுங்கள். பெட்டியை மொட்டைமாடியில் மாட்டிய பிறகு கேபிளும் மடிக்கணினியுமாக ஏறி இறங்குவது எப்படி என்று எனக்குத் தெரியும்.

மோட்டார் நிரலில் இரண்டு காவல்கள் கட்டாயம். தொட்டி நிரம்ப வழக்கமாக 20 நிமிடம் ஆகுமென்றால், 30 நிமிடத்தில் சென்சார் என்ன சொன்னாலும் மோட்டார் நிற்க வேண்டும். அப்புறம் வாட்ச்டாக் டைமர்: நிரல் எங்காவது உறைந்துபோனால் சில் தன்னைத்தானே மறுபடி தொடங்கிக்கொள்ளும்.

படி 7: மேசையிலேயே தொந்தரவு கொடுங்கள்

மோட்டாருக்குப் பதில் ஓர் எல்இடி, ஃப்ளோட்டுகளுக்குப் பதில் சாதாரண சுவிட்சுகள். பத்து முறை மின்சாரத்தைப் பிடுங்கி மாட்டுங்கள், எல்இடி ஒரு கணம்கூட மின்னக் கூடாது. ரூட்டரை அணையுங்கள், எதுவும் நிற்கக் கூடாது. பிறகு மேல் ஃப்ளோட்டின் கம்பியைக் கழற்றுங்கள். அப்போது எல்இடி அணைய வேண்டும். அணையவில்லை என்றால் சுவிட்சைத் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள்: தொட்டி நிரம்பாதவரை சுற்று மூடியிருந்து, நிரம்பியதும் திறக்கும்படி மாற்றுங்கள். அப்போது எலி கம்பியைக் கடித்தாலும் கன்ட்ரோலர் அதைத் தொட்டி நிரம்பியதாகவே எடுத்துக்கொண்டு மோட்டாரை நிறுத்தும்.

ஒரு வாரம் இப்படி மேசையிலேயே ஓடட்டும். பிறகு பெட்டியில் வைத்து, எந்தக் கம்பி எந்தப் பின் என்பதை முதல் படியில் எழுதிய அதே தாளில் குறித்து மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துத் திறக்கும்போது உங்களுக்கே நினைவிருக்காது.