பிரெஞ்சு பேச ஆங்கில வாயைக் கழற்றி வையுங்கள்

நான் ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சு கற்றவன். வினையே அங்குதான் தொடங்கியது. எழுத்துகள் ஒன்று, ஏராளமான சொற்களும் பொது, வாய்தான் வேறு.

ஒருமுறை தோழியிடம், சாவி அலமாரிக்கு மேலே இருக்கிறது என்றேன். அவள் குப்புறப் படுத்து அடியில் துழாவினாள். மேலே, அடியில் என்ற இரண்டு பிரெஞ்சுச் சொற்களையும் தமிழில் 'தெஸு' என்றுதான் எழுத முடியும். வேறுபாடெல்லாம் கடைசி உயிரொலியில். 'அடியில்' என்பதற்கு நம் உகரமே போதும். 'மேலே' என்பதில் வருவது ஆங்கிலத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை. அதற்கு முதலில் 'ஈ' என்று இழுங்கள். நாக்கை அசைக்காமல், விசிலடிக்கப் போவதுபோல் உதட்டை மட்டும் குவியுங்கள். அதுதான் அந்த ஒலி. நாக்கு பின்னால் நழுவினால் சாவி மறுபடி அடியில் போய்விடும். கண்ணாடி முன் ஒரு வாரம் பழகினேன். வீட்டில் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அப்புறம் தகரம். ஆங்கிலத்தில் நுனிநாக்கு பல்லுக்கு மேலே ஈற்றைத் தொடும். நம் காதுக்கு அது டகரம், அதனால்தான் 'டேபிள்' என்கிறோம். பிரெஞ்சில் நாக்கு பல்லையே தொடும். அதே சொல் 'தாப்ல்' ஆகிறது. பகரத்துக்கு உள்ளங்கையை வாய்முன் பிடியுங்கள். ஆங்கிலேயர் மாதிரி 'பாரிஸ்' என்றால் காற்று கையில் மோதும். பிரெஞ்சில் 'பாரி' என்றால் மோதக் கூடாது. நம் பகரத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

மூக்கொலிக்குப் பலர் பயப்படுகிறார்கள், தேவையில்லை. பேச்சில் 'வந்தான்' என்னும்போது கடைசி னகரத்தை யார் முழுதாகச் சொல்கிறார்கள்? நாக்கு மேலே போகாமல் ஆகாரம் மூக்கில் கரைகிறது. 'மரம்' என்பதும் அப்படித்தான், ஒகரச் சாயலோடு. பிரெஞ்சுக்காரர்கள் செய்வதும் இதேதான்.

ரகரம் தொண்டையில் உரசும். நுனிநாக்கைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் படுக்க விடுங்கள், போதும்.

எனக்குக் கடைசியாகச் சரியானது தாளம். புகைப்படக் கலைக்கான சொல்லை ஆங்கிலம் 'ஃபடாக்ரஃபி' என்று ஓர் அசையில் அழுத்தி மற்றதை விழுங்கும். பிரெஞ்சில் ஃபோ-தோ-க்ரா-ஃபீ: எல்லா அசையும் கிட்டத்தட்டச் சமம், கடைசி மட்டும் சற்று நீளும். அசைக்கு ஒரு தட்டாக மேசையில் விரலால் தட்டிக்கொண்டே சொல்லுங்கள். ஆங்கிலம் எட்டிப் பார்த்தால் விரல் தடுமாறும். அங்கேயே நிறுத்திவிட்டு, முதல் அசையிலிருந்து மறுபடி.